சுவரில் துளை போட்டு வென்டிலேட்டர் வைத்தால் படுக்கையறைக்குக் காற்று வருமா?

உங்கள் கேள்வி இதுதான்: பழைய ஜன்னல்களை எடுத்துவிட்டு ரப்பர் பட்டை வைத்த இறுக்கமான ஜன்னல்கள் போட்டீர்கள். அன்றிலிருந்து காலையில் எழுந்தால் படுக்கையறை அடைசலாக இருக்கிறது, தலை கனக்கிறது, கண்ணாடியில் நீர் கோக்கிறது, மூலையில் பூஞ்சை எட்டிப் பார்க்கிறது. தெருச் சத்தத்தால் இரவில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. சுவரில் 10 சென்டிமீட்டர் துளை போட்டு, உள்ளே திருகினால் கூடிக் குறையும் வென்டிலேட்டர் வைக்கலாம் என்கிறார்கள். எந்த மாடல் வாங்குவது, ஃபேன் இல்லாதது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். துளை போட்ட பிறகு காற்று வருமா, எவ்வளவு வரும் என்பதுதான் இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால் மாடல் தேர்வு பத்து நிமிட வேலை. கட்டடக் காற்றோட்ட வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். இந்த மாதிரி நிறைய வைத்திருக்கிறேன், வைத்ததில் சிலவற்றை நானே கழற்றி அடைத்தும் இருக்கிறேன். உங்கள் அறையை நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பொருளில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. சுவருக்குக் குறுக்கே ஒரு குழாய். வெளி முனையில் மழைக்கு ஒரு தொப்பி, பூச்சிக்கு ஒரு வலை. குழாய்க்குள் சத்தத்தையும் குளிரையும் தடுக்கப் பஞ்சு மாதிரி ஒரு உறை. உள் முனையில் ஒரு ஃபில்டர், அதற்கு முன்னால் திருகியோ கயிறு இழுத்தோ திறந்து மூடும் ஒரு தட்டு. இந்தத் தட்டைத்தான் ‘அட்ஜஸ்ட் செய்யலாம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். தட்டு காற்றைக் கூட்டாது. வருகிற காற்றைக் குறைக்க மட்டும்தான் அதற்குத் தெரியும். வராத காற்றை எந்தத் திருகாலும் வரவழைக்க முடியாது.

முதலில் எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்ப்போம். இதற்கு நல்ல அளவுகோல் கரியமில வாயு. மூனிக்கில் பின்னாளில் சுகாதாரவியல் பேராசிரியரான மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் 1858-லேயே ஒரு கணக்குச் சொன்னார்: அறைக் காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அதாவது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஆனால், அந்தக் காற்று பழசாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இன்றும் அந்த எண்ணைச் சுற்றித்தான் பேசுகிறோம். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் இருக்கிறது. தூங்குகிற ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 13 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். இருவர் என்றால் 26 லிட்டர். மணிக்கு 50 கனமீட்டர் வெளிக்காற்று வந்தால் அறை 940 பிபிஎம் அளவில் நிற்கும். 30 கனமீட்டர் வந்தால் 1300 அளவில். இறுக்கமாக மூடிய அறையில் சந்து பொந்து வழியாக 10 கனமீட்டர்தான் வருகிறது என்று வையுங்கள், விடியும்போது 2500-ஐத் தாண்டிவிடும். உங்கள் காலைத் தலைகனம் இந்தக் கடைசி வகையாக இருக்கலாம். ஆனால் 1500, 2000 பிபிஎம் கரியமில வாயு தானாகவே உடலுக்கோ சிந்தனைக்கோ கெடுதல் செய்கிறதா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பல நாடுகளில் எட்டு மணி நேர வேலைக்கு 5000 பிபிஎம் வரை அனுமதி உண்டு. நான் அதை நஞ்சாகப் பார்க்கவில்லை, அடையாளமாகத்தான் பார்க்கிறேன். அது ஏறினால் ஈரமும் வியர்வை வாசமும் மற்றதும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன.

அந்த 30, 50 கனமீட்டர் துளை வழியே வருமா? 10 சென்டிமீட்டர் துளையின் பரப்பு 79 சதுர சென்டிமீட்டர். அதில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று ஓடினால் மணிக்கு 28 கனமீட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தைத் தள்ள அழுத்தம் வேண்டும், ஃபேன் இல்லை என்றால் அது இரண்டு இடத்திலிருந்துதான் கிடைக்கும். ஒன்று, வெளியே வீசும் காற்று. நொடிக்கு 3 மீட்டர் வீசும் இளங்காற்று சுவரில் மோதினால் அதிகபட்சம் 5 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). நொடிக்கு 1 மீட்டர் என்றால் ஒரு பாஸ்கல்கூட இல்லை. இன்னொன்று உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் வெப்ப வித்தியாசம். மீட்டர் உயரத்துக்கு, டிகிரிக்கு 0.04 பாஸ்கல். காற்று நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் மூன்று மீட்டர் உயர வித்தியாசம், உள்ளைவிட வெளியே 20 டிகிரி குறைவு என்றால் இரண்டரை பாஸ்கல் தேறும். உள்ளும் வெளியும் ஒரே வெப்பம் என்றால் பூஜ்யம். இரண்டு பாஸ்கலில் வெறும் துளை வழியாகக் கணக்குப்படி 30 கனமீட்டர் வரும். தொப்பி, வலை, பஞ்சு, ஃபில்டர், தட்டு எல்லாம் சேர்ந்தால் அதில் பாதி வந்தாலே பெரிது. பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்க்கும்போது பக்கத்தில் எத்தனை பாஸ்கல் என்று போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் 10 அல்லது 20 இருக்கும். 10 பாஸ்கலில் 40 கனமீட்டர் தருவது 2 பாஸ்கலில் 18-தான் தரும். பொய் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் அந்த 10 பாஸ்கல் எத்தனை இரவு இருக்கப்போகிறது?

இன்னொரு விஷயத்தை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் களக் களக் என்று திக்கித் திக்கித்தான் ஊற்றும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக ஓடும். அறையும் அப்படித்தான். காற்று வெளியேற வழி இல்லாத அறைக்குள் புதுக்காற்று வராது. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அதன் அடியில் இடைவெளியும் இல்லை என்றால், சுவரில் எத்தனை துளை போட்டாலும் பெரிய பயன் இல்லை. கதவுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். 80 சென்டிமீட்டர் அகலக் கதவுக்கு அது 80 சதுர சென்டிமீட்டர், கிட்டத்தட்ட உங்கள் துளை அளவே. அப்புறம் வீட்டின் மறுகோடியில், குளியலறையிலோ சமையலறையிலோ, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மெதுவாக இரவெல்லாம் ஓட வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் வெளிக்காற்றின் தயவு இல்லாமலே வென்டிலேட்டர் வேலை செய்யும். என்னைக் கேட்டால், உங்கள் பணத்தில் பாதியை அந்த எக்ஸாஸ்டுக்குத் தாருங்கள். நான் கழற்றி அடைத்தவற்றில் பாதிக்கு மேல், துளை சரி, வெளிவழி இல்லாத வீடுகள்.

ஒன்று மறந்துவிடக்கூடாது. புகைபோக்கி வழியாகப் புகையை வெளியே விடும் அடுப்போ கேஸ் வாட்டர் ஹீட்டரோ வீட்டில் இருந்தால், உறிஞ்சும் ஃபேன் அந்தப் புகையையே உள்ளே இழுத்துவிடலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அப்படிப்பட்ட சாதனத்துக்கு என்று விடும் காற்றுத் துளை மூட முடியாததாக இருக்க வேண்டும். திருகி மூடும் வென்டிலேட்டரை அந்த வேலைக்கு வைப்பது எந்த நிலையிலும் தவறு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, கேஸ் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லாமல் ஃபேன் போடாதீர்கள்.

கண்ணாடியில் நீர் கோக்கிறது என்றீர்கள். உட்பக்கமா, வெளிப்பக்கமா? விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். இது சின்ன விஷயம் மாதிரி தோன்றும், ஆனால் முடிவையே மாற்றும். உட்பக்கம் என்றால் வெளியே குளிர், ஈரம் உங்கள் மூச்சிலிருந்து வருகிறது. தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 40 கிராம் ஈரம் விடுகிறார், இருவர் எட்டு மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல். குளிர்காற்று மழை நாளில்கூட உண்மையில் வறண்டது. 0 டிகிரியில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆகவே வென்டிலேட்டர் உங்களுக்கு உதவும், பூஞ்சைக்கும் சேர்த்து. விலை என்ன? அதே நிலையில் மணிக்கு 30 கனமீட்டர் காற்றைச் சூடாக்க 200 வாட் வேண்டும், இரண்டு 100 வாட் குண்டு பல்புகள் இரவெல்லாம் எரிவது போல.

வெளிப்பக்கம் கோத்தால் கதை வேறு. வெளியே புழுக்கம், உள்ளே ஏசி. வெளியே 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் 25 கிராம் நீர் இருக்கும். 24 டிகிரியில் 55 சதவீதமாக இருக்கும் அறையில் 12 கிராம்தான். மணிக்கு 30 கனமீட்டர் உள்ளே விட்டால் சுமார் 400 கிராம் நீரையும் சேர்த்தே அழைக்கிறீர்கள், எட்டு மணி நேரத்தில் மூன்று லிட்டருக்கு மேல். ஏசி அதைப் பிழிந்து எடுக்க வேண்டும். உள் மூடி குளிர்ந்திருந்தால் அதிலேயே வியர்க்கும். இதனால் புதுக்காற்றே வேண்டாம் என்று சொல்லவில்லை, சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை எடுப்பதே கிடையாது, உள்ளே இருப்பதையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. இந்த மாதிரி இடத்தில் தட்டைத் தேவைக்கு மேல் திறக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இங்கேதான் வருகிறது.

தானாகக் கூடிக் குறையும் வகைகளும் உண்டு. ஒன்றில் நைலான் பட்டை ஒன்று ஈரத்தில் நீண்டு, வறட்சியில் சுருங்கித் தட்டை அசைக்கும். மின்சாரமே வேண்டாம், அழகான ஏற்பாடு. குளிர் நாடுகளில் எனக்குப் பிடித்த வகை. வெளிக்காற்றே ஈரமாக இருக்கும் இடத்தில் அது எப்போதும் திறந்தே கிடக்கும், பயனில்லை. இன்னொன்றில் பலத்த காற்று அடித்தால் ஒரு மடல் தானே சாய்ந்து வழியைக் குறைக்கும். உயரமான மாடியில் இருந்தால் இது அவசியம் என்பேன், ஏனென்றால் நொடிக்கு 10 மீட்டர் காற்றில் அழுத்தம் 60 பாஸ்கல். சாதாரணத் தட்டு வைத்தவர்கள் புயல் இரவில் எழுந்து துணியைத் திணிப்பார்கள். திணித்த துணியை யாரும் திரும்ப எடுப்பதில்லை.

இனி ஃபேன் வைத்த வகை. தெரு தூசி உங்கள் கவலை என்றால் இங்கேதான் வர வேண்டும். பூச்சி வலையும் மெல்லிய பஞ்சும் முடி, பெரிய தூசி, கொசு இவற்றைத்தான் நிறுத்தும், வண்டிப் புகையின் நுண்துகளை நிறுத்தாது. அதை நிறுத்தும் அடர்த்தியான ஃபில்டரை ஃபேன் இல்லாத குழாயில் மாட்டினால் ஒன்றிரண்டு பாஸ்கல் அதிலேயே தீர்ந்துபோகும், காற்று நின்றுவிடும். ஆகவே ஃபேன் இல்லாமல் நல்ல ஃபில்டர் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஃபேன் சின்னதுதான், சில வாட் மின்சாரம் போதும். ஆனால் தலைமாட்டில் அதன் முனகல் எப்படிக் கேட்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெட்டியில் இருக்கும் டெசிபல் எண் எத்தனை கனமீட்டரில் அளந்தது என்று பாருங்கள். மிகக் குறைந்த வேகத்தில் அளந்த சத்தத்தையும், மிகக் கூடிய வேகத்தில் அளந்த காற்றையும் பக்கத்துப் பக்கத்தில் போடுவது இந்தத் தொழிலின் பழைய தந்திரம்.

பீங்கான் உருளை வைத்து, ஒரு நிமிடம் வெளியே தள்ளி, ஒரு நிமிடம் உள்ளே இழுத்து, போகிற சூட்டைப் பிடித்து வருகிற காற்றுக்குக் கொடுக்கும் வகையும் இருக்கிறது. தத்துவம் சரியானது, நல்ல நிலையில் பெரும்பங்கு சூட்டை மீட்கும். எனக்குச் சந்தேகம் உள்ள இடம் இரண்டு. மணிக்கு 50 கனமீட்டர் என்று போட்டிருந்தால் அதில் பாதி நேரம் அது வெளியே தள்ளுகிறது. ஆக ஒற்றையாக வைத்தால் சராசரிப் புதுக்காற்று 25-தான். அடுத்து, காற்றடிக்கும் பக்கச் சுவரில் அதன் சின்ன ஃபேன் வெளிக்காற்றோடு மல்லுக்கட்டித் தோற்கும், அப்போது சூடு மீட்பும் கணக்குப்படி நடக்காது. இரண்டை ஜோடியாக, ஒன்று இழுக்கும்போது மற்றது தள்ளும்படி வைத்தால் நிலைமை தேவலை.

சத்தத்துக்குப் பயந்துதானே ஜன்னலைச் சாத்துகிறீர்கள்? அப்படியானால் இதையும் கேளுங்கள். பத்து சதுர மீட்டர் சுவரில் 10 சென்டிமீட்டர் துளை ஏறக்குறைய 1270-ல் ஒரு பங்கு. கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் சுவர் 50 டெசிபல் தடுத்தாலும் வெறும் துளையோடு மொத்தச் சுவரும் 31 டெசிபல்தான் தடுக்கும். எளிய கணக்குதான் இது, குழாய்க்குள் நடப்பது இதைவிடச் சிக்கலானது. இருந்தாலும் திசை சரி. அதனால் ஒலி உறிஞ்சும் உறை உள்ள, நீளமான குழாயையே எடுங்கள், முடிந்தால் தெருவைப் பார்க்காத சுவரில் வையுங்கள்.

இடம் தேர்வில் நான் பிடிவாதக்காரன். தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல், கூரைக்கு அருகில். குளிர்காற்று உள்ளே வந்ததும் கீழே இறங்கும், இறங்குவதற்குள் அறைக்காற்றோடு கலக்க அதற்கு உயரம் வேண்டும். ஹீட்டர் இருந்தால் அதற்கு மேலே. தலைமாட்டுக்கு நேர் மேலே வைக்கவே வேண்டாம். ஒரு வீட்டில் நான் சொன்ன இடத்தை விட்டு அழகுக்காகக் கட்டில் பக்கம் வைத்தார்கள், முதல் குளிரிலேயே டேப் ஒட்டி மூடினார்கள். வெளிப்பக்கம் எக்ஸாஸ்ட் வாய், புகைபோக்கி, சாக்கடைக் காற்றுக்குழாய், வண்டி நிறுத்தும் இடம் இவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

துளையை வைரப்பல் கோர் கட்டிங் இயந்திரத்தால்தான் போட வேண்டும், உளியால் அல்ல. அதற்கு முன் சுவருக்குள் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கம்பி கட்டிய கான்கிரீட் தூண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாரம் தாங்கும் இடம் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லாமல் தொடாதீர்கள். அடுக்ககம் என்றால் வெளிச்சுவர் உங்களுடையது மட்டும் இல்லை, முன்னதாகவே அனுமதி வாங்குங்கள். துளைக்கு வெளிப்பக்கம் வாட்டம் இருக்க வேண்டும், 30 சென்டிமீட்டர் சுவருக்கு ஒரு சென்டிமீட்டர் போதும். குழாய் வெளிச்சுவரோடு மட்டமாக நிற்காமல் கொஞ்சம் நீண்டு, நீர் சுவரில் வழியாமல் சொட்ட வேண்டும். ஆரம்ப காலத்தில் நானே ஒரு துளையை வாட்டம் பார்க்காமல் விட்டேன். மழைநீர் உள்பக்கம் ஓடி வந்து, புதுப் பூச்சு உப்பி, ஓதம் தரை வரை இறங்கியது. அந்த அறைக்கு என் காசில் வண்ணம் அடித்துக் கொடுத்தேன். குழாய்க்கும் சுவருக்கும் இடையில் நுரை அடித்தால் அளவோடு அடியுங்கள், உப்பும் நுரை மெல்லிய குழாயை நசுக்கி முட்டை வடிவமாக்கிவிடும், தட்டு சிக்கிக்கொள்ளும். வலையையும் ஃபில்டரையும் கழற்றிக் கழுவ முடியுமா என்பதும் முக்கியம். வெளிவலை அடைத்துக்கொண்டால் மூன்றாம் மாடியில் யார் போய்த் துடைப்பது? உள்ளிருந்தே உருவி எடுக்கக்கூடிய வகை இருக்கிறது, அதை வாங்குங்கள்.

துளை போடுவதற்கு முன் பெரிய செலவில்லாத ஒரு சோதனை செய்யலாம். அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் கரியமில வாயு மீட்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது கடன் வாங்குங்கள். வாசனை வாயுக்களை வைத்து ஊகித்து எண் காட்டும் மலிவான கருவி இதற்கு உதவாது. முதல் இரவு எல்லாம் மூடி, காலை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் இரவு 1.2 மீட்டர் உயரமுள்ள ஜன்னலை ஆறேழு மில்லிமீட்டர் மட்டும் திறந்து வையுங்கள். அந்தக் கீற்றின் பரப்பு உங்கள் 10 சென்டிமீட்டர் துளைக்குச் சமம். மூன்றாம் இரவு அதே கீற்றோடு கதவின் அடியை ஒரு சென்டிமீட்டர் விட்டு, குளியலறை எக்ஸாஸ்டையும் ஓட விடுங்கள். சத்தம் ஒரு மூன்று இரவு பொறுத்துக்கொள்ளலாம். ஜன்னல் கீற்றில் வலையும் பஞ்சும் இல்லை, உயரமான கீற்றில் காற்று மேல்பக்கம் வெளியேறிக் கீழ்ப்பக்கம் உள்ளே வரும் ஓட்டமும் தானாக நடக்கும். ஆகவே வென்டிலேட்டர் தருவதைவிட அது அதிகமாகவே தரும். இரண்டாம் இரவில் எண் 1500-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் ஃபேன் இல்லாத வென்டிலேட்டர் தனியாக உங்களுக்குப் போதாது, அதை மட்டும் வாங்கும் யோசனையை விட்டுவிடலாம். மூன்றாம் இரவில் நன்றாக இறங்கினால் சாதாரணமானதும் எக்ஸாஸ்டும் போதும். மூன்றாம் இரவிலும் அசையவில்லை என்றால், அல்லது தூசிக்கு ஃபில்டர் கட்டாயம் வேண்டும் என்றால், ஃபேன் வைத்ததை வாங்குங்கள். மூன்று காலை எண்களையும், கண்ணாடியில் எந்தப் பக்கம் நீர் கோத்தது என்பதையும் இங்கே எழுதினால், துளையின் அளவைப் பற்றி மேலே பேசலாம்.